மூன்று விசில் வரை

எங்கள் நாய் பரீட்சையில் தோற்றுப்போனதற்குக் காரணம் துவரம்பருப்பு. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார், ஏனென்றால் அந்தப் பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றியவர் அவர்.

நாய்க்கு என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் தெரியாதுதான். மருத்துவமனை, பேச்சுப் பயிற்சி நிலையம் என்று நாய்களைக் கூட்டிக்கொண்டு போய், முடியாதவர்கள் பக்கத்தில் துணைக்கு உட்கார வைக்கிறார்களே, அந்த வேலைக்கான பரீட்சை. குரைக்கக் கூடாது. தாவக் கூடாது. கீழே விழுந்த தின்பண்டத்தை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாத ஆள் வந்து கட்டிப்பிடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் பாதிப் பேர் இதில் தேற மாட்டார்கள்.

எங்கள் ஆள் பிறந்தது பாலைவனத்தில். என் வீட்டுக்காரர் சைட் சூப்பர்வைசர். ஷார்ஜாவைத் தாண்டி ஒரு சைட்டில், கன்டெய்னருக்கு அடியில் பாதி மணலுக்குள் கிடந்த குட்டியை லஞ்ச் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். இந்த வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்று நான் சத்தம் போட்டு முடிப்பதற்குள் அது என் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டது. வளர்ந்தபோது கால்கள் வேட்டைநாயின் நீளத்துக்கு வந்தன. காதுகள் வேறு ஏதோ நாயிடம் இரவல் வாங்கியவை. கால்நடை டாக்டர் சிப் வைத்து, ஊசி போட்டு, இனம் என்ற இடத்தில் பாலைவன நாய் என்று எழுதிக் கொடுத்தார். அவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை, அவனுக்கு மட்டும் சலுகை காட்டினால் நன்றாக இருக்காது.

எதிர் ஃபிளாட்டில் ஒரு கீழக்கரைக் குடும்பம். குடும்பத் தலைவர் ஷார்ஜா ரோலா பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்போதே அவர் என்ன கேட்க வந்தார் என்பதை இவரே சொல்லி முடித்து, துணியையும் விரித்துவிடுவார். மலையாளம், இந்தி, அரபி, எந்த மொழியானாலும் சரி. நான் ஒருமுறை நீலத்தில் என்று ஆரம்பித்தேன். பில் போட்ட பிறகுதான் வாயை மூடினேன். அவர் மனைவி எனக்குத் தங்கை மாதிரி. ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு.

அந்தப் பிள்ளைக்குப் பேச்சு திக்கும். மற்ற சொற்களை எப்படியோ சமாளித்துவிடுவாள். ஒரு சொல் வராது போலிருந்தால் அதே அர்த்தத்தில் வேறொன்றைப் போட்டுத் தப்பித்துக்கொள்வாள், கெட்டிக்காரி. மாற்றுச் சொல்லே இல்லாத சொல் ஒன்று இருக்கிறது, அவளுடைய பெயர். யாராவது பெயர் கேட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு தெரியும். அதற்குள் பக்கத்தில் நிற்கும் அப்பா, அவள் மொழியில் வாப்பா, சொல்லிவிடுவார். பிள்ளை படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்வார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பள்ளியில் வாய்மொழித் தேர்வு வந்தது. எழுந்து நின்று பெயரைச் சொல்லி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். இவள் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அன்று வாப்பா ஒரு முடிவெடுத்தார். கோடை லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாயையும் மகளையும் அங்கேயே விட்டு, பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, தான் மட்டும் திரும்பி வருவது. சொந்தபந்தத்துக்கு நடுவே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தங்கை என் சமையலறையில் நின்று அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அடுத்த வீட்டு முடிவில் நான் மூக்கை நுழைக்க முடியுமா?

நாய் நுழைத்தது.

அந்தக் குடும்பத்துக்கு நாயின் ஈர வாய் பட்டால் அது நஜீஸ், அசுத்தம். பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அது அவர்கள் மார்க்கம், நான் மதிக்கிறேன். அதனால் லிஃப்டில் அவர்கள் இருந்தால் நான் ஏற மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏற்கெனவே நானும் இவனும் உள்ளே இருக்கையில் தாயும் மகளும் அவசரமாக ஏறிவிட்டார்கள். இரண்டு மாடி இறங்கியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. லைட் மினுக்கியது. தாய் மணியை அழுத்துகிறாள், நான் வாட்ச்மேன் பாயைப் போனில் கூப்பிட்டுக் கத்துகிறேன், எங்கள் ஆள் என் கால்களுக்கு நடுவே சாவகாசமாக உட்கார்ந்து கொட்டாவி விடுகிறான்.

அந்தப் பிள்ளை மூலையில் இருந்தபடியே குனிந்து அவனைப் பார்த்தாள். "ஹலோ, ஐ ஆம்" என்று சொல்லி, அப்படியே தன் பெயரையும் சொன்னாள். தங்குதடை இல்லை. வழுக்கிக்கொண்டு வந்தது பெயர்.

தாய் என் முழங்கையை இறுக்கிப் பிடித்த இடம் இரண்டு நாள் வலித்தது. "அக்கா... கேட்டிங்களாக்கா? பேரு சொல்லிச்சுக்கா! புள்ள பேரு சொல்லிருச்சு!"

லிஃப்ட் ஓடத் தொடங்கியதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. கீழே கதவு திறந்தபோது இரண்டு பொம்பளைகளும் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து வாட்ச்மேன் பாய் பயந்துபோய் தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

அதற்கப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. பிள்ளை போகும் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் கேட்டோம். நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பது அங்கே ஏற்கெனவே உண்டாம். ஆனால் பரீட்சை தேறிய நாய்க்குத்தான் அனுமதி. வாப்பாவிடம் தாய் பேசினாள். அவர் எங்கள் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றே பேசினார்.

"வீட்டுக்குள்ள வேணாம். டாக்டர் மாதிரி அங்க இருக்கறவங்க சொல்றதால சம்மதிக்கிறேன். அந்த எடத்துல மட்டும். ஆனா நக்கக் கூடாது. நக்காம இருக்குமா?"

"நக்கவே மாட்டான்," என்றேன் நான், கொஞ்சமும் யோசிக்காமல். என் பின்னால் அவன் ஃபிரிட்ஜ் கதவை மேலிருந்து கீழ்வரை நக்கிக்கொண்டிருந்தான். அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லீவுக்கு முன்னால் பரீட்சை தேற வேண்டும், பிள்ளை வாசிக்க வேண்டும், அந்த மனுஷன் மனசு மாற வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. நான் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். இத்தனை வருஷத்தில் ஒரு வேலைக்காக இப்படி அலாரத்துக்கு முந்தி எழுந்தது கிடையாது.

முதல் பாடம் நக்காமல் இருப்பது. கையில் வெண்ணெயைத் தடவி அவன் மூக்குக்கு நேரே நீட்டுவேன். நாக்கு வெளியே வந்தால் கை போய்விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேகவைத்த கோழி ஒரு துண்டு. வெண்ணெய்க்குப் பழகியதும் நெய், நெய்க்குப் பழகியதும் என் வீட்டுக்காரர் மீன்குழம்பு சாப்பிட்ட கை. அந்தக் கையைப் பார்த்து அவன் முகத்தைத் திருப்பிக்கொண்ட மத்தியானம் நான் கைதட்டிக் குதித்ததில் கீழ் ஃபிளாட்டில் இருந்து என்ன சத்தம் என்று இன்டர்காமில் கேட்டார்கள்.

இரண்டாவது பாடம் தின்பண்டம். இதில் இடைஞ்சல் நாய் இல்லை, நம்மவர்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன், தயவுசெய்து எதுவும் போடாதீர்கள் என்று. சரி சரி என்பார்கள். நான் காபி எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் முறுக்கு கைமாறியிருக்கும். "பாவம், வாயைப் பாத்துக்கிட்டே இருக்குல்லா, மனசு கேக்கல." ஒருவருக்குக்கூட மனசு கேட்டதில்லை. கடைசியில் பயிற்சி முடிகிறவரை வீட்டுக்கு யாரும் வரவேண்டாம் என்று வாட்ஸாப் குழுவில் போட்டேன். இரண்டு பேர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போகட்டும்.

சக்கர நாற்காலிக்கு ஆபீஸ் நாற்காலி. ஊன்றுகோலுக்குத் துடைப்பக்கட்டை. வெளியே தரை சுடும் மாதம், பாதம் வெந்துவிடும். அதனால் எல்லாப் பயிற்சியும் பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கிலும் வீட்டுக்குள்ளும்தான். என் வீட்டுக்காரர் நொண்டி நொண்டி நடந்து முனகுவார், இவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். கார் எடுக்க வந்த ஒருவர் ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்டார்.

மூன்றாவது பாடம், இருப்பது. 'இரு' என்று சொன்னால் சொன்ன இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். நான் தள்ளிப்போய்விடுவேன், திரும்பி வந்து 'சரி' என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. இந்தப் பாடத்தை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள் அடுப்பில் பருப்பை ஏற்றுவார், நாயைச் சமையலறை வாசலில் படுக்கவைத்து 'இரு' என்பார், காய் நறுக்குவார். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைப்பார், 'சரி' என்பார், கோழித் துண்டு போடுவார். ஒரே நேரத்தில் பருப்பும் பயிற்சியும்.

"எட்டி, நம்ம ஆளு ஒரு அசைவு அசையலையே! மூணு விசில் வரைக்கும் சிலை மாதிரில்லா கெடக்கான்!" என்பார்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒருநாள் விசில் வருவதற்கு முன்னால் கேஸ் தீர்ந்துபோனது. வேறு சிலிண்டர் வந்து மாட்டும்வரை, இவர் 'சரி' 'சரி' என்று கூப்பிட்டும் அவன் எழுந்திருக்கவே இல்லை. எவ்வளவு பொறுமை பாருங்கள் என்று ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பொறுமையாம்!

பரீட்சை ஒரு விளையாட்டு மன்றத்தின் உள்ளரங்கில். தேர்வாளர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கையில் அட்டை. பிள்ளையும் தாயும் வெளி நடையில் பெஞ்சில் காத்திருந்தார்கள். வாப்பா கடையில் இருந்து அரைமணிக்கு ஒரு முறை போன் செய்துகொண்டிருந்தார்.

எப்படிச் செய்தான் தெரியுமா! சக்கர நாற்காலி உரசிக்கொண்டு போனது, பேசாமல் இருந்தான். பின்னால் இரும்புத் தட்டு தடாலென்று விழுந்தது, தலையைத் திருப்பிப் பார்த்தான், அவ்வளவுதான். தரையில் கிடந்த பிஸ்கட்டைத் தாண்டிப் போனபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தேர்வாளர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்தார், நாக்கு வெளியே வரவில்லை. அட்டையில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பாடம், இருப்பது. 'இரு' என்றேன். படுத்தான். நான் அரங்கின் மறுகோடிக்குப் போய் நின்றேன். இரண்டே நிமிடம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சியாளர் விசில் ஊதினார்.

இவன் காது நிமிர்ந்தது.

நான் அப்போதுதான் உணர்ந்தேன். தேர்வு நடக்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. கடவுளே, அவரை ஊதாமல் இருக்கச் சொல். இரண்டாவது விசில். அவன் முன்னங்கால்கள் இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டான், பரிசு வாங்க மேடைப் பக்கம் நிற்கும் பிள்ளை போல. மூன்றாவது விசில். துள்ளி எழுந்தான், வாலை ஆட்டிக்கொண்டு அரங்கம் முழுக்க ஓடிவந்து என் முன்னால் உட்கார்ந்து, பெருமை பொங்க என்னைப் பார்த்தான். பருப்பு வெந்துவிட்டது, கோழி எங்கே?

தேர்வாளரிடம் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். குக்கர் விசிலை வைத்து நேரம் கணக்குப் பண்ணுவோம் என்பது அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். ஆனாலும் தோல்வி தோல்விதான். லீவுக்கு முந்தின வாரம் இன்னொரு தேர்வு உண்டு, வாருங்கள் என்றார்.

வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்த பிறகு நான் பேசியதை எழுத முடியாது. "ஊரு உலகத்துல கடிகாரமே இல்லியாங்க? கையில கட்டியிருக்கது என்ன, வளையலா?" என்பது அதில் மிக மென்மையான வரி. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பருப்பு மட்டும் கரெக்டா வெந்துச்சுட்டி" என்றார். பெஞ்சில் இருந்த பிள்ளை முதலில் புரியாமல் விழித்தாள், பிறகு விஷயம் புரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. "அவுக டிக்கெட் போட்டுட்டாகக்கா," என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒன்வே."

அன்று மாலையே தொடங்கினோம். விசிலுக்கும் எழுந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும். எங்கள் சமையலறை ஜன்னலும் எதிர் ஃபிளாட்டின் சமையலறை ஜன்னலும் ஒரே காற்றுச் சந்தைப் பார்த்தவை. என் வீட்டுக்காரர் குக்கரைத் தொடக்கூடாது என்று தடை போட்டேன். அதற்குப் பதில், எதிர் ஜன்னலில் பிள்ளை வந்து நின்றாள். விசில் அவள் வாயிலிருந்து வரும். "உஸ்ஸ்ஸ்ஸ்!"

அசல் குக்கர் தோற்றது. சில நாள் ஒன்றோடு நிறுத்துவாள், சில நாள் விடாமல் பத்துப் பன்னிரண்டு. மூன்றாவதுக்கு முன்னால் வேண்டுமென்றே இழுத்தடிப்பாள், எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இவன் முதலில் ஏமாந்தான், கோழி கிடைக்கவில்லை. மறுபடி ஏமாந்தான். பிறகு யோசிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு முறையும் சந்துக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வரும். "எ... எ... எந்திரிச்சானா?" "இல்லையே!" என்று நான் கத்துவேன். அவள் ஜன்னல் கம்பியைத் தட்டிக் கூத்தடிப்பாள். திக்கினாலும் விடாமல் கேட்டாள். அந்தக் குழந்தை இவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

இரண்டாவது தேர்வு அதே அரங்கில், அதே கால்பந்துக்காரர்களோடு. விசில் விசிலாக ஊதினார்கள். எங்கள் ஆள் ஒரு காதைத் திருப்பினான், பெருமூச்சு விட்டான், தாடையைத் தரையில் வைத்துக்கொண்டான். நான் திரும்பி வந்து 'சரி' என்ற பிறகே எழுந்தான். தேர்ச்சி! நான் தேர்வாளரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். அந்தம்மா இதை எதிர்பார்க்கவில்லை, ஆனால் நாயைப் போலவே பொறுத்துக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி நிலையத்தில் வாசிப்பு, அவர்கள் ஊருக்குப் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது. வாப்பா கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கார் டிக்கியைத் திறந்து என்னிடம் காட்டினார். ஒரு கேன் தண்ணீர், ஒரு மக், மூடி போட்ட டப்பாவில் கடைக்குப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தடி மண். "பட்டுட்டா என்ன பண்றதுன்னு கையோட எடுத்துட்டு வந்துட்டேன்." எனக்கு அவரை முதல் முறையாகப் பிடித்துப்போனது.

நானும் அவனும் பேச்சுப் பயிற்சியாளரும் பிள்ளையும் அறைக்குள். தாயும் வாப்பாவும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. பாயில் அவன் படுத்துக்கொண்டான், அவள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். ஊரைவிட்டு ஓடிப்போகும் ஓர் ஒட்டகக் குட்டியின் கதை, ஒரு பக்கத்துக்கு ஆறே வரி.

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். உதடு ஒட்டியது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். வாப்பாவின் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன, தாய் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். உள்ளே யாரும் அசையவில்லை. அவன் தாடையைப் பாயில் வைத்து அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். இருப்பது ஒன்றுதான் அவன் படித்த படிப்பு. அவனுக்கு அவசரமே இல்லை. சொல் வந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வரி. பக்கம் முடிந்துவிட்டது!

அவள் புத்தகத்தை மூடினாள், குறும்பாக என்னைப் பார்த்தாள், அவன் பக்கம் குனிந்தாள். "உஸ்ஸ்ஸ்," என்றாள். "உஸ்ஸ்ஸ். உஸ்ஸ்ஸ்ஸ்."

பாவிப் பெண்ணே!

அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. துள்ளி எழுந்து, வாலால் புத்தகத்தைத் தட்டிவிட்டு, அவள் வலது கையை மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை ஈரமாக, ஆசையாக, ஒரே இழுப்பில் நக்கிவிட்டான்.

அவள் கலகலவென்று சிரித்தாள். கண்ணாடிக்கு வெளியே வாப்பா இல்லை. திரும்பி நடந்து போய்க்கொண்டிருந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நாயை இழுத்துக்கொண்டு, மன்னிப்புச் சொல்ல வாயில் வார்த்தைகளைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினேன், தாயும் மகளும் எனக்குப் பின்னால்.

அவர் கார் டிக்கியில் இருந்து கேனை இறக்கிக்கொண்டிருந்தார். மண் டப்பாவைத் திறந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பூச்செடி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வா, கையை நீட்டு," என்றார் மகளிடம். மண்ணைக் குழைத்து அவள் கையில் தேய்த்தார். மக்கைத் தூக்கியவர், ஊற்றாமல் நிறுத்தினார். "உள்ள என்ன வாசிச்சே? கதவு சாத்தியிருந்துச்சா, வாப்பாவுக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு தடவைக்கு ஒரு வரி சொல்லு."

அவளுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. ஒரு வரி சொன்னாள், மக் கவிழ்ந்தது. அடுத்த வரி, அடுத்த மக். திக்கினாள், தண்ணீர் மக்கிலேயே நின்றது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவரும் நிழலுக்குப் போகவில்லை. எங்கள் ஆள் என் காலடியில், யாரும் சொல்லாமலே, தன் பாட்டுக்கு இருந்தான்.

ஆறாவது மக் முடிந்தது. "க... கதை முடிஞ்சுருச்சு, வாப்பா."

"இன்னும் ஒரு தடவை இருக்கே," என்றார் அவர். மக்கை நிறைத்துத் தூக்கிப் பிடித்தார். "பேரு சொல்லு."

அவள் முகம் மாறியது. உதடு ஒட்டியது, கழுத்து நரம்பு எழுந்தது. பின்னால் ஒரு கார் எங்களை நகரச் சொல்லி ஹாரன் அடித்தது. தாய் போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள். வாப்பா மக்கை இறக்கவில்லை. எந்த வாடிக்கையாளரையும் ஒரு சொல் முழுதாகப் பேசவிடாத மனுஷன், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக் காத்திருந்தார்.

வந்தது. அவள் பெயர் வந்தது, அதன் பின்னால் அவர் பெயரும் சேர்ந்து வந்தது. இரண்டையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. இனி அதை அவளே சொல்லிக்கொள்வாள்.

அவர் ஏழாவது தண்ணீரை ஊற்றினார். அதோடு நிறுத்தாமல் கேனில் மிச்சமிருந்த தண்ணீரையும் அந்தச் சின்னக் கையில் ஊற்றினார். பிறகு ஈரக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கமோ மனைவி பக்கமோ திரும்பாமல், பூச்செடியைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு பேருக்கும் ரிட்டர்ன் போட்டுரலாம்."